பின்கண்ணாடியில் டன்மோர்

நான்காண்டு கழித்து நேற்றிரவு அழைத்தார்.
"ஒடெஸா, இந்த முறை வருவார்களா?"
அதே இருமல்.
யார் வருவார்களா என்று நான் கேட்கவில்லை.
அவருக்கு அது எப்போதும்
நான்கு நிறத்தில் வெட்டிய ஒரு வட்டம்:
கறுப்பர், லத்தீனோ, புறநகர்ப் பெண்கள்,
கல்லூரி வாசலை மிதிக்காத வெள்ளையர்.
பின்னிருக்கையில், மடியில் வைத்து
திருப்பித் திருப்பிப் பார்ப்பார்,
பங்கு குறைந்த பிள்ளை பீட்சாவைப் பார்ப்பதுபோல.

நான் வண்டி ஓட்டினேன், அவ்வளவுதான்.
கருத்துக்கணிப்பு எனக்குத் தெரியாது.
ஒவ்வொரு ஊரிலும் திரும்பி வந்து ஏறும்போது
அவர் கதவைச் சாத்தும் சத்தம் தெரியும்.

ஆரஞ்ச்பர்கில் மெதுவாகச் சாத்தினார்.
தேவாலயத்தில் பாட்டு உச்சத்துக்குப் போனபோது
இருநூறு கைகள் ஓரிடத்தில் விழ
அவர் கை மட்டும் அடுத்த இடத்தில் விழுந்தது.
யாரும் சிரிக்கவில்லை.
சிரித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.
வாசலில் தியோடிஷா கெய்த் அவர் கையை விடாமலே கேட்டாள்:
"மழைக்கு எங்கள் தெரு மூழ்கும்.
வாக்குப்பதிவு முடிந்த பிறகும் வருவீர்களா?"
தாளில் குறித்துக்கொண்டார்.
தாள் கோட்டுப் பைக்குள் போனது.

லாஸ் வேகஸில் படாரென்று.
ஹோட்டல் தொழிலாளர் சங்கக் கூடம்.
விமானத்தில் மனப்பாடம் செய்த ஸ்பானிய வரிகள் நான்கு,
இரண்டாவதில் தடுக்கினார்.
மணிக்கட்டில் கட்டுப்போட்ட ஐடாலியா எழுந்தாள்:
"ஆங்கிலத்திலேயே சொல்லுங்கள், எங்களுக்குப் புரியும்.
ஓர் அறையைத் துடைத்து விரிக்க
எங்களுக்கு எத்தனை நிமிடம் தருகிறார்கள்?"
அவருக்குத் தெரியவில்லை.
அவருக்கு எழுதிக்கொடுத்தவருக்கும்.

தன் ஆட்கள் என்று அவர் எண்ணியிருந்த
அயோவா மாட்டுப் பண்ணையில்
ரூடி ஷ்வாப் பால்குழாயைக் கழற்றியபடி சொன்னார்:
"இந்த வாரம் ஐந்தாவது ஆள் நீங்கள்."
அன்று கதவைச் சாத்தவே மறந்தார்.
இறங்கிப் போய் நான்தான் சாத்தினேன்.

ஆனால் வாஸா.
விஸ்கான்சின், ஹ்மோங் சந்தை,
சிறு உரலில் பச்சைப் பப்பாளி இடித்துக்கொண்டிருந்த யூவா ஹெர்.
"காரம்?"
"உங்களுக்குப் போடுவதுபோலவே."
இரண்டாவது வாயில் கண்ணும் மூக்கும் கொட்டியது.
நாக்கு செத்தது. பேச முடியவில்லை,
மூன்று நிமிடம், நான் மணி பார்த்தேன்.
அந்த மூன்று நிமிடமும்
அவள் தன் குத்தகை நிலத்தைப் பற்றிச் சொன்னாள்,
மருத்துவமனையில் அம்மாவுக்கு
மொழிபெயர்க்க ஆளில்லாத இரவைச் சொன்னாள்.
அவர் தலையாட்டினார், துடைத்தார், தலையாட்டினார்.
நாற்பது பேர் வண்டிவரை கூடவே வந்தார்கள்.
கதவு சாத்தியது எனக்குக் கேட்கவே இல்லை,
அத்தனை பேச்சு வெளியே.

அந்த ஊர் வாக்களிக்கும் முன்பே
அவர் போட்டியிலிருந்து விலகிவிட்டார்.

தொலைக்காட்சியில் இன்னமும் பேசுகிறார்கள்:
டன்மோரால் எல்லோரையும் சேர்க்க முடிந்திருக்காது,
ஒரு மாதம் கிடைத்திருந்தால் முடிந்திருக்கும்.
கடலில் கரைத்த பெருங்காயம்
எந்தப் பக்கம் போனது என்று
கரையில் நின்று வழக்காடுகிறவர்கள்.

பதினோராயிரம் மைல் ஓட்டியிருக்கிறேன்.
அவர் முழங்காலுக்கும் என் முதுகுக்கும் நடுவே ஒரு சாண்.
நான் யாருக்கு வாக்களித்தேன் என்று
அவர் ஒருநாளும் கேட்டதில்லை.
கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.
இப்போது சொல்வதாக இல்லை.

"ஒடெஸா? இருக்கிறாயா?"
கோட்டு என்னிடம்தான் இருக்கிறது,
வண்டியைத் திருப்பிக் கொடுத்த அன்று இருக்கைக்கு அடியில் கிடந்தது.
பையில் தாள். அவர் கையெழுத்து.
தெருவின் பெயரில் ஓர் எழுத்து தப்பு.

"தியோடிஷாவின் தெருவுக்குப் போனீர்களா?"
"எந்தத் தெரு?"

"அது அங்கேயேதான் இருக்கிறது," என்றேன்.
"வியாழன் மழையாம். முழங்கால் வரை நிற்கும்.
பூட்ஸ் போட்டு வாருங்கள்.
வட்டத்தை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்."

மறுமுனையில் இருமல் இல்லை.
இழுப்பறை திறக்கும் ஓசை,
பிறகு பேனா தேடும் ஓசை.