எதிரில் நின்றவன்

சோடாக்கடை பெஞ்சில் நாலு நாளாக ஓயவில்லை.
எழுபத்தெட்டின் முன்வரிசையா, தொண்ணூற்றாறா,
இப்போது ஆடுவதா, எது பெரிசு?
கோப்பைகளை விரல்விட்டு எண்ணுகிறார் ரெத்தினவேலு.
கரையான் தின்ற நோட்டை விரித்து
கோல் கணக்கு வாசிக்கிறார் சின்னப்பநாதன்.
என்னை யாரும் கேட்கவில்லை.
ஓரமாக உட்கார்ந்திருக்கிறேன்.
பெஞ்சு எனக்குப் பழகின இடம்.

கழகத்தின் இரண்டாம் கோல்கீப்பர் நான்.
மேட்ச் அன்றைக்கு வேறொருவன் நிற்பான்,
அவனுக்கு ஒரு ஜலதோஷம்கூட வந்ததில்லை.
மற்ற நாளெல்லாம் காலை ஐந்தரைக்கு,
கலங்கரை விளக்கம் கண்மூடும் நேரத்தில்,
உப்பளம் மைதானத்துக் கம்பங்களுக்கு நடுவே
நான்தான்.
மேட்சில் அடித்ததைத்தான் நோட்டு எழுதியது.
அதற்கு முன்னால் அடித்ததெல்லாம் என் மேல்.

எழுபத்தெட்டில் நாலு பேர்.
ராத்திரி ஷிப்ட் முடிந்து மில் சங்கு ஊதியதும்
தலையில் பஞ்சோடு நேரே வருவார்கள்.
கெட்டுப்போன தூக்கம் முழுக்கக் காலில் இருக்கும்.
பந்து அப்போது தோல்.
ஐப்பசி மழையைக் குடித்துப் பூசணிக்காயாய்க் கனக்கும்.
அந்துவான் அடிப்பதை நான் பார்த்ததில்லை,
வயிற்றில் வந்து சேர்ந்த பிறகுதான் தெரியும்.
இந்தச் சுண்டுவிரல் வளைந்திருக்கிறதே,
ஞானதிக்கம் போட்ட கையெழுத்து.
பந்து பறிபோனால் நாலு பேரும்
இடுப்பில் கைவைத்து நிற்பார்கள்,
மாப்பிள்ளை வீட்டார் மாதிரி.
மறுவருஷம் அந்துவான் சொல்தாவாகி
துலோனுக்குக் கப்பலேறினான்.
ஒரு கார்டு போட்டான்: விரல் எப்படி இருக்கு?

தொண்ணூற்றாறு ஆட்கள் அடிக்கவே மாட்டார்கள்.
தட்டுவார்கள். மறுபடி தட்டுவார்கள்.
இளந்திரையன் இந்தப் பக்கம் கண்ணை வைத்து
அந்தப் பக்கம் பந்தை வைப்பான்.
நான் விழுந்து, எழுந்து, மண்ணைத் துப்பித் திரும்பினால்
பந்து வலைக்குள் பூனைபோலப் படுத்திருக்கும்.
உடம்பில் ஒரு கீறல் இல்லை.
வீட்டுக்கு வந்து தட்டின் முன் உட்கார்ந்தால்
சோறு இறங்காது.
எலும்பு முறிந்தது தேவலை என்று தோன்றும்.

இப்போது ஆடுவது மூன்று பெண்கள்.
டெல்ஃபின், கயல்விழி, நஸ்ரீன்.
வேறு ஆள் கிடைக்காமல் என்னைக் கூப்பிட்டார்கள்.
அறுபத்து மூன்று வயது,
இரண்டு முழங்காலிலும் உறை.
ஓயாமல் பேசுகிறார்கள்:
விடு, எனக்கு, பின்னாடி, விடு விடு.
பந்து வரப்போகிற இடத்தில்
முன்கூட்டியே ஒருத்தி நிற்கிறாள்.
பறிபோனால் மூவரும் திரும்பி ஓடிப் பிடுங்குகிறார்கள்,
கடன் வசூலிக்கிற மாதிரி.

முதல் வாரம் எல்லாப் பந்தையும் பிடித்தேன்.
நெஞ்சு கொஞ்சம் நிமிர்ந்தது, மறைக்கவில்லை.
என்னடா இது, அந்துவானும் இளந்திரையனும்
இவர்கள் காலடிக்கு வருவார்களா என்று
நானே தீர்ப்பும் எழுதிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமைதான் கவனித்தேன்.
நஸ்ரீன் ஓடிவருகிறாள், காலை வீசுகிறாள்,
கடைசி நொடியில்
பந்துக்கு முன் அவள் கணுக்கால் தயங்குகிறது.
எனக்காக.

நாற்பத்தாறு வருஷத்தில்
யாரும் என்னை இப்படி அடித்ததில்லை.

பந்தை எடுத்துப்போய் அவள் காலடியில் வைத்தேன்.
"முழுசா அடி" என்றேன்.
டெல்ஃபினைப் பார்த்தாள்.
"அவளை ஏன் பாக்குற? அடி."

அடித்தாள்.

இன்று பெஞ்சில் நோட்டு பாதி வாசித்திருக்கிறது.
ரெத்தினவேலு கையில் விரல் தீர்ந்துவிட்டது.
சோடா வாங்க நான் கையை நீட்டும்போதுதான்
சின்னப்பநாதன் கட்டைப் பார்க்கிறார்.
"கட்டைவிரல் என்ன ஆச்சு?"
"கதவுல மாட்டிக்கிச்சு."
"எந்தக் கதவு, பழைய மரக்கதவா?"
"இல்ல" என்கிறேன்,
சிரிப்பை சோடாவோடு விழுங்கி.
"புதுசு."