காணும்

நப்லாவின் இரத்தம் வந்த அன்று
ஏறாவூரில் ஐந்தாம் நாளாக மழை.
தம்பிமார் இரண்டு பேரும் மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில்,
மூத்தவனுக்குச் சிறுதட்டு முப்பத்தெட்டாயிரம்,
சின்னவனுக்குச் சேலைன்.
ஒரே வீடு. ஒரே நுளம்புவலை.
வலையில் ஒரே ஓட்டை.

இவளுக்கு இரண்டு லட்சத்துப் பத்தாயிரம்.
மெஷினை நம்பாமல்
நுணுக்குக்காட்டியில் மறுபடி எண்ணினேன்.
அதேதான்.

"பொறந்ததிலிருந்து வருத்தக்காரி மிஸ்,
டெங்கு மட்டும் ஏன் விட்டது?"
உம்மா கேட்டது எனக்குக் குறைபோலக் கேட்டது.
பிறந்தன்று போட்ட ஊசி
கக்கத்தில் கட்டியாகி ஒரு வருஷம் சீழ் வடிந்தது.
நாலு வயதில் வலிப்பு.
ஸ்கேனில், மூளைக்குள்,
சிந்தின உப்புப்போல் சுண்ணாம்பு.

ஐஸ் பெட்டியில் ஒரு குழாய் கடல் கடந்தது.
ஏழு மாதம் கழித்து வந்த கடிதத்தில்
ஒரு புரதத்தின் பெயர்: ஐ.எஸ்.ஜி. பதினைந்து.
அவளிடம் அது இல்லை.
வாப்பா, உம்மாவின் மாமி மகன்;
இருவரிடமும் அந்தக் குறை
பாதிப் பாதியாய் ஒளிந்திருந்தது.

எனக்கு அவனைத் தெரியும்.
பரீட்சைக்குப் பாடமாக்கியிருக்கிறேன்:
யுபிக்குவிட்டினின் ஒன்றுவிட்ட தம்பி,
ஒரே முகம் இரண்டு தரம் மடித்தவன்,
இன்டர்பெரோன் கூப்பிட்டால் ஓடி வருவான்,
புதிதாய்ப் பிறக்கும் புரதங்களில் தொற்றிக்கொண்டு
வைரசின் கூட்டைக் கோணலாக்குவான்.
போர்வீரன் என்று எழுதி
முழுப் புள்ளி வாங்கினேன்.

எலிகளில் அது சரிதானாம்.
மனிதரில் அவனுடைய பெரிய வேலை வேறு.
சண்டை முடிந்ததும்
"காணும்" என்று சொல்ல ஒருத்தன் இருக்கிறான்,
அவன் விழாமல் முட்டுக்கொடுத்து நிற்பது.
முட்டு இல்லையென்றால் சொல்ல ஆளில்லை.

நப்லாவின் கலங்களில்
பிறந்த நாளிலிருந்து ஊரடங்கு.
டெங்கு வந்து பார்த்திருக்கும்,
எல்லாக் கடையும் பூட்டு.
பாணுக்குப் போனவனும் திரும்பவில்லை.
("இருக்கலாம்" என்றார் டொக்டர் ஜவ்சி.
அவர் எதற்கும் அப்படித்தான்.)

"அப்ப இது நல்லமா கூடாதா மிஸ்?"
என்னிடம் அதற்கு ஒரு படிவம் இல்லை.
இன்டர்பெரோன் கூடுதல் என்று எழுதலாம்,
குறைவு என்று எழுதலாம்,
நடுவில் ஒரு பெட்டி போடவில்லை யாரும்.

இந்த மாதமும் ஊசி குத்தினேன்.
பஞ்சை வைத்து அழுத்தச் சொன்னேன்.
அடுத்த ஆளின் பெயரைக் கூப்பிட்டு
லேபல் ஒட்டித் திரும்பினால்
இன்னும் அழுத்திக்கொண்டு இருக்கிறாள்,
விரல் நுனி வெளுத்து.

இரத்தம் எப்போதோ நின்றுவிட்டது.
சொல்ல மறந்தது நான்.