ஐந்து இரவு

டிசம்பரில் விண்ட்ஹூக் நகரமே கடற்கரைக்குக் குடிபோகும்.
மிஞ்சுவது நாய்களும் காவல்காரர்களும்;
போன வருடம் நாங்களும்.

இந்த வருடம் விடுவதில்லை.
மின்கட்டண ரசீதின் முதுகில்
உவாசுவாரா கணக்கைத் தொடங்கினான்:
ஸ்வகோப்முண்ட் போக முந்நூற்று அறுபது கிலோமீட்டர், வர அதே.
டீசல்.
ஒகஹாண்ட்ஜா சாலையோரக் கடையில் உப்புக்கண்டம்,
உசாகோஸ் தாண்டுமுன் பிள்ளைகள் தீர்த்துவிடுவார்கள்,
ஆகவே இரண்டு பொட்டலம்.
ஆறு இரவு என்றான்.
நான் அடித்துவிட்டு நான்கு என்றேன்.
ஐந்து என்றெழுதி வட்டம் போட்டான்.
வட்டம் போட்டால் எங்கள் வீட்டில் பேச்சு முடிந்தது.

அவனுக்கு மீன் பிடிக்க வேண்டும்.
தூண்டிலை இப்போதே துடைத்துத் துடைத்துக்
கூடத்தில் சாத்தி வைத்திருக்கிறான்,
வருகிறவர்கள் எல்லாம் அதில் இடித்துக்கொள்கிறார்கள்.
சின்னவன் முச்சிண்டேக்கு
கடல் குளிருமாமே, நிஜமா என்று தெரிய வேண்டும்.
நிஜம்தான். டிசம்பரிலும் கணுக்காலைக் கடிக்கும்.
பத்து மணிவரை மூடுபனி
போர்வையை மடிக்காது.
பெரியவள் ரிபுரேக்கு மணல்மேட்டில் பைக்.
நான்கு சக்கரம், சிவப்பு, மணிக்கு இவ்வளவு என்று
விளம்பரத் தாளை வெட்டிக்
குளிர்ப்பெட்டிக் கதவில் மாட்டியிருக்கிறாள்.

எனக்கு?
யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால்
கேக் என்றிருப்பேன்.
செர்ரி வைத்த கறுப்புக் கேக், ஜெர்மன் கடையில்,
முள்கரண்டியோடு,
அவசரமில்லாமல்.

விடுதிக்காரி திருமதி டெட்லெஃப்சன்.
குரலில் வெண்ணெய் தடவியிருந்தது.
"ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐந்தில் கட்டிய வீடு, மேடம்.
கப்பலில் வந்த மரம், கப்பலில் வந்த ஓடு.
சன்னல் கண்ணாடிகூட அப்போதையது."
கரையிலிருந்து யார் சுமந்தார்கள் என்று
அவள் சொல்லவில்லை, நான் கேட்கவில்லை.
காலை உணவு சேர்த்தா என்று கேட்டேன்.
சேர்த்துத்தான். இரண்டு விதப் பாலாடைக்கட்டி.

எங்கள் ஹெரேரோ ஜனம்
ஆண்டுகளை எண்ணாது, பெயர் சொல்லிக் கூப்பிடும்.
மழை பொய்த்த ஆண்டு. மாடு செத்த ஆண்டு.
அந்த ஐந்துக்கும் ஒரு பெயர் எங்கள் வீட்டில் உண்டு.
தொலைபேசியில் சொல்கிற பெயரல்ல.

வெள்ளி, கடல். சனி, மீன், பைக்.
ஞாயிறு காலை மட்டும் காலியாகக் கிடந்தது.
தலையை நிமிர்த்தாமல் உவாசுவாரா
"கல்லறை" என்று எழுதினான்.

ஊர் முடிந்து பாலை தொடங்கும் இடம்.
பெயரில்லாத மணல்திட்டுகள், வரிசை வரிசையாய்.
முகாமில் அடைபட்டவர்கள், எங்கள் ஆட்கள்.
சில திட்டுகள்
என் முழங்கை நீளம்தான்.

"நுழைவுக் கட்டணம் எவ்வளவு?"
பேனாவோடு ரிபுரே.
"ஒன்றுமில்லை."
ஒரு சுழியம் போட்டாள்,
கூட்டலில் பிசகக் கூடாதென்று.

அப்புறம் குளிர்ப்பெட்டி முன்னால் நெடுநேரம் நின்றாள்.
தாளின் மூலையில் குட்டி வரைபடம்.
பைக் போகும் புள்ளிக்கோடு
எந்தப் பக்கம் வளைகிறது என்று
விரலால் ஓட்டிப் பார்த்தாள்.
கிழிக்கவில்லை. பதினான்கு வயது, ஆறு மாத ஆசை.
காந்தத்தை மட்டும்
ஒரு விரற்கடை நகர்த்தி வைத்தாள்.

முன்பணம் கட்டிய அன்று
திருமதி டெட்லெஃப்சன் மறுபடி அழைத்தாள்.
"கடல் பக்கத்து அறையா, மேடம், பாலை பக்கமா?
பாலை பக்கம் இரவுக்கு நூறு டாலர் குறைவு.
அங்கே பார்க்க ஒன்றும் இல்லை பாருங்கள்,
அதனால்தான்."

பாலை பக்கம் என்றேன்.

ஐந்து இரவு, ஐந்நூறு மிச்சம்.
ரசீதில் கழித்து எழுதிவிட்டு
உவாசுவாரா என் தோளைத் தட்டினான்,
சிக்கனக்காரி என்று.