பூஜ்யம் மீட்டர்

படிவத்தின் முதல் கட்டத்தில் பூஜ்யம் என்று எழுத வேண்டும்.
பியூபோர்ட் வெஸ்டுக்கு வடக்கே பதினேழு கிலோமீட்டர்,
பிப்ரவரி, பகல் நாற்பத்தொரு டிகிரி.
துளைக்கருவி நிற்கும் இந்தப் புழுதிதான் பூஜ்யம்.
பதிவு செய்தவர்: லோகாம்பாள் கோவெண்டர்.
எழுதிவிட்டேன். கை கூசியது.

கீழிருந்து வருவதில் சிரமமில்லை.
ஹென்ட்ரிக் பிளாட்கீஸ் குழாயைச் சுத்தியலால் தட்ட
ஒன்றரை மீட்டர் கல் நழுவி விழுகிறது,
ஈரமாய், இன்னும் சூடாய்.
ஓர் ஓரத்தைக் கடித்துப் பார்க்கிறேன்.
பல்லில் நறநறத்தால் வண்டல்.
வெண்ணெயாய் வழுக்கினால் களி.
லாரி ஓட்டும் லுவாண்டிலே
"உப்பு போதுமா?" என்று கேட்டுவிட்டு நிழலுக்குப் போகிறான்.

இருபத்துமூன்றாம் மீட்டர். ஊதாச் சேறு.
அதில் வெடிப்புகள்; வெடிப்புக்குள் மணல்.
வறண்டு பிளந்த ஒரு குளம்
அடுத்த வெள்ளத்துக்காகக் காத்திருந்திருக்கிறது.
வெள்ளமும் வந்திருக்கிறது.
மருதம் அப்படியே கல்லாகிப்
பாலைக்கு அடியில் படுத்துக்கிடக்கிறது.
இருபத்தைந்து கோடி ஆண்டுக்கு மேல் என்று எழுத
ஒரு கட்டம் உண்டு.
அந்தக் குளம் எத்தனை நாள் காத்திருந்தது
என்பதற்குக் கட்டமில்லை.

நாற்பத்தொன்றிலிருந்து நாற்பத்திரண்டு வரை
குழாய் வெறுமையாய் வந்தது.
நொறுங்கிய கல், தண்ணீரோடு போயிற்று.
பெட்டியில் அந்த இடத்தில் ஒரு மரக்கட்டையை வைத்து
"இழப்பு, ஒரு மீட்டர்" என்று குறிப்பது முறை.
குறித்தேன்.

குனிந்த முதுகை நிமிர்த்தியபோது
மேலே பார்த்துவிட்டேன்.

என் தொப்பிக்கு மேலே,
வட்டமடிக்கும் அந்த ஒற்றைப் பருந்துக்கும் மேலே,
மணற்கல் இருந்தது.
அதன்மேல் இன்னும் மணற்கல்.
அதற்கும் மேல், எரிமலைக் குழம்பு உறைந்த கறுப்பு.
கிலோமீட்டர் கணக்கில்.
பகல் கொதிப்பும் இரவுக் குளிரும் உரித்து உரித்துப் போட,
என்றோ ஒருநாள் வரும் மழை
சேர்த்து வைத்ததையெல்லாம் ஒரே இரவில் வாரிப் போக,
மிச்சத்தைக் காற்று பொறுக்க,
அத்தனையும் போய்விட்டது.
அதற்கு எத்தனை மரக்கட்டை வைப்பது?
எந்தப் பெட்டியில்?

வடக்கே நியூவெல்ட் மலைகள், தட்டைத் தலையோடு.
உயர்ந்தவை என்கிறார்கள்.
மீந்தவை.
தலையில் கரும்பாறை மூடி இருந்ததால்
கூட்டம் கலைந்தபின்னும் எழாமல்
நாற்காலியிலேயே உட்கார்ந்திருக்கிறவை.

நாலு மணிக்கு லாரி திரும்பி வந்தது.
லுவாண்டிலே தண்ணீர் பீப்பாய்களை உருட்டி இறக்கினான்.
ஒவ்வொன்று இறங்கும்போதும் வில்தகடு முனகி
லாரியின் பின்புறம் ஒரு விரற்கடை எழுந்தது.
நான் கல்லைக் கையில் வைத்துக்கொண்டு
அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

முதலில் அடியிலிருந்து ஏதோ ஒரு வெப்பம் தள்ளியது, சரி.
பிறகு நடந்தது இதுதான்.
பறிகொடுத்த நிலம் கொஞ்சம் எழும்.
எழுந்ததால் இன்னும் பறிகொடுக்கும்.
பாரம் குறையக் குறைய,
எவ்வளவோ ஆழத்தில் அழுந்திக் கிடந்த ஒரு குளம்
இப்படித்தான் என் பல்லுக்கு எட்டும்வரை
ஏறி வந்திருக்கிறது.

ஐம்பத்தெட்டில் கரும்பாறையின் விளிம்பு இடித்தது.
சத்தம் மாறியது. ஹென்ட்ரிக் கையை உயர்த்தினார்.
அந்த விளிம்பில்தான் தண்ணீர் ஒளிந்திருக்கும்.
நகராட்சிக்கு வேண்டியது அது ஒன்றுதான்.
முதலில் பழுப்பாய் வந்தது.
பிறகும் பழுப்பாகவே வந்தது.
"போதும்," என்று சொல்லிவிட்டு
அவர் அதிலேயே முகம் கழுவினார்.

படிவத்தை மடிக்குமுன்
முதல் கட்டத்தில் பூஜ்யத்துக்குப் பக்கத்தில்
பென்சிலால் "இன்றைக்கு" என்று சேர்த்தேன்.

கேப்டவுன் அலுவலகம் தொலைபேசியில் கேட்டது,
அது என்ன அளவு என்று.
கை தவறிவிட்டது என்றேன்.
பேசிக்கொண்டிருக்கையில்,
மதியம் நான் துப்பிய ஊதாச் சேறு
செருப்பு நுனியருகே காய்ந்து வெடித்திருந்தது.
அதன் ஓரம் ஒன்றைக் காற்று தூக்கிப் பார்த்தது,
வைத்தது, மறுபடி தூக்கியது.