ஓய்வுத் தடிமன்

ஜுபைலில், ஆறாம் யூனிட்டில்,
குழாய்ச் சுவரின் தடிமன் பார்ப்பது என் வேலை.
துருவைத் தேய்த்து, ஒரு சொட்டு ஜெல் வைத்து
புரோப்பை அழுத்தினால்
எதிரொலி எண்ணாகத் திரும்பும்.
ஒன்பதரை மில்லியாகப் பிறந்த குழாய்
இன்று நாலு புள்ளி இரண்டு.
வெளியே வெள்ளிப் பெயின்ட் அப்படியே மினுங்கும்.
தின்பது உள்ளிருந்துதான்.

மூன்றுக்கு வந்தால் சாக்பீஸால் வட்டம் போடுவேன்.
அதற்குப் பெயர் ஓய்வுத் தடிமன்.
குழாய்க்கு அப்படி ஒன்று எழுதி வைத்திருக்கிறார்கள்.

தொம்மை சாரம் கட்டுகிறவன். வேம்பாற்றுக்காரன்.
ஆறடி மூன்றங்குலம்; கட்டிலுக்கு வெளியே
ஸ்டூல் போட்டுக் கால் நீட்டித் தூங்குவான்.
வெள்ளிக்கிழமை பிரியாணிக்குப் பிறகு ஒரு வித்தை:
கட்டைவிரலை உள்ளே மடக்கி முஷ்டி பிடிப்பான்,
சுண்டுவிரல் பக்கம் நகம் எட்டிப் பார்க்கும்.
"நண்டு வெளிய வருது பாருல."
அறையில் அத்தனை பேரும் மடக்கிப் பார்ப்போம்,
ஒருத்தனுக்கும் வராது.
நேபாளத்து கட்கா பத்து ரியால் பந்தயம் கட்டித் தோற்றான்.

இக்காமா புதுப்பிக்க வருடா வருடம்
ரத்தம், சிறுநீர், நெஞ்சுப் படம்.
ஃபிட் என்று முத்திரை.
அவனிடம் ஏழு முத்திரை இருந்தது.

ஜூன் மாதம், விடியற்காலை மூன்றேகால்.
முதுகுல துணி கிழியுத மாதிரி இருக்குல, என்றான்.
கிழியுத மாதிரி.
அந்தச் சொல் காதில் விழுந்தது, விழுந்தும்
வாய்வு என்றேன்.
ஓமத் தண்ணீர் கொடுத்தேன், தைலம் தேய்த்தேன்
இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே
சரியாக அந்த இடத்தில்.
பகலெல்லாம் சுவர் தொட்டுச் சொல்கிற கை.

கிளினிக்கில் மலையாளத்து நர்ஸ் பிரஷர் பார்த்தாள்.
வலக்கையில் நூற்றெண்பது, இடக்கையில் தொண்ணூறு.
மெஷின் கெட்டுப்போச்சு என்று
வேறு மெஷின் எடுக்கப் போனாள்.
மெஷின் கெடவில்லை.

ஆம்புலன்ஸ் கேட் பாஸுக்காக நின்றபோது
"வலி விட்டிருச்சுல" என்றான்.
அவனுடைய மாதாவுக்கு நான் நன்றி சொன்னேன்.
பாஸ் வந்தது. வண்டி நகர்ந்தது.
அவன் கை என் கையிலேயே கனத்தது.

எகிப்து டாக்டர் ஒரு கவரின் பின்னால் மூன்று வட்டம் வரைந்தார்.
மகாதமனி, மூன்று அடுக்கு.
நடு அடுக்கில் நார் அறுந்து அறுந்து
இழுவை போய், அந்த இடத்தில் கூழ்.
உள்சுவர் கிழிந்தால் ரத்தம்
தனக்கொரு பொய்வழி வெட்டிக்கொண்டு போகும்,
வெளிச்சுவர் விட்டுக்கொடுக்கும் வரை.
"உயரமானவனா? விரல்கள் நீளமா?"
கேட்டுவிட்டு, தன் கட்டைவிரலை மடக்கி
முஷ்டி பிடித்துக் காட்டினார்.
அவருக்கும் நண்டு வரவில்லை.

இயற்கை மரணம்.
வேலை தொடர்பானதா: இல்லை.
ஏழடிப் பெட்டி கிடைக்க நாலு நாள் ஆயிற்று.

சகாயமேரியிடம் எப்படிக் கேட்பது என்று
ஒரு மாதம் யோசித்தேன்.
போனை மகள்தான் எடுத்தாள். ஜெனோவா, ஒன்பதாம் வகுப்பு,
உயரம் என்று கூடைப்பந்தில் சேர்த்திருக்கிறார்களாம்.
அப்பா ரூம்ல ஒரு வித்தை காட்டுவாருல்லா, என்று ஆரம்பித்தேன்.
"எனக்கும் வருமே மாமா."
முஷ்டியைத் திரைக்கு அருகே கொண்டுவந்தாள்.

அம்மாவைக் கூப்பிடு என்றேன்.
கையை இறக்காமல் சிரித்துக்கொண்டிருந்தாள்.
தூத்துக்குடிக்குப் போய் ஒரு ஸ்கேன் எடுக்கணும், பிள்ள.
நெஞ்சில் ஜெல் வைப்பார்கள்.
முதலில் ஜில்லென்று இருக்கும்.
வலிக்காது.