முப்பத்தெட்டு ஜோடி

கொடியை மடித்தார்கள்.
பதின்மூன்று மடிப்பு. கடைசியில் ஒரு முக்கோணம்,
நட்சத்திரங்கள் மட்டும் வெளியே தெரிய.
வெள்ளைக் கையுறை போட்ட சிப்பாய்
அதை என் மடியில் வைத்தான்.
இருபது வயதிருக்கும். குளிரில் மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது.
'காலுறை நனைந்துவிட்டதா தம்பி?'
கேட்க வாயெடுத்தேன்.
அப்பா இருந்தால் கேட்டிருப்பார்.

எர்ரமுன் இரிபார்னே.
நெவாடாவில் பிறந்தவர்,
பிரனீஸ் மலையைக் கண்ணால் கண்டதில்லை.
ஆனாலும் எங்கள் மேஜையில் ரொட்டிக்கு
ஒரே பெயர்தான்: ஓகியா.
ஆங்கிலத்தில் கேட்டால் அன்றைக்கு வெறும் சூப்.
அம்மா மேஜைக்கடியில் ஒரு துண்டு நீட்டுவாள்.
அப்பா பார்த்தும் பாராமல்
உப்பைத் தேடுவார்.

ஆகஸ்டில் மலைக்குப் போவோம்.
ஆடு மேய்க்க வந்த அவருடைய அப்பா
ஆஸ்பென் பட்டையில் கத்தி முனையால் கீறிய பெயர், 1912.
கீறியபோது மயிரிழைதான்.
மரம் பருக்கப் பருக்க எழுத்தும் பருத்துக் கறுத்துவிட்டது.
என்னைத் துணி பிடிக்கச் சொல்லிவிட்டு
மெழுகுக் கட்டியால் தேய்ப்பார்.
பெயர் துணிக்கு ஏறி வரும்.
பக்கத்து மரத்தில் ஒரு பெண், உடுப்பில்லாமல்.
அவளையும் தேய்த்து எடுத்தார்.
'இதுவும் பரம்பரைச் சொத்துதான்'
என்றார், காது சிவக்க.

கொரியாவைப் பற்றிச் சொன்னது கொஞ்சம்.
லாரி ஓட்டினார். குளிர்.
ஈரக் காலுறையோடு தூங்கியவர்கள்
விரலில்லாமல் வீடு திரும்பினார்கள்.
அதனால் எப்போதும் ஒரு ஜோடி
சட்டைக்குள், வயிற்றோடு ஒட்டி.
பதக்கம் ஆணி டப்பாவில் கிடந்தது.

எழுபத்தொன்றில்
அண்ணன் மத்தினின் எண் குலுக்கலில் விழுந்தது.
ரொட்டிக் கூடைக்குப் பக்கத்தில் அந்தக் கடிதம்.
'போவாய்தானே' என்றார்,
கேள்வி மாதிரியே இல்லாமல்.
அண்ணன் 'எஸ்' என்றான்.
ஆங்கிலக் காதுக்கு அது சம்மதம்போல் கேட்கும்.
எங்கள் மொழியில் அது
மாட்டேன்.
அவர் ஊட்டி வளர்த்த சொல்
அவர் தட்டிலேயே வந்து விழுந்தது.

விடிவதற்குள் அண்ணன் பஸ் ஏறிவிட்டான், வடக்கே, கனடாவுக்கு.
அப்பா அன்று முழுக்க வேலிக்கம்பி இழுத்தார்.
உள்ளங்கை கிழிந்ததைச் சாப்பிடும்போதுதான் பார்த்தோம்.
அந்தப் பெயரை அவர் சொல்லி நான் மறுபடி கேட்டதில்லை.
ஓடிப்போனவர்களுக்கு மன்னிப்பு என்று செய்தி வந்த இரவு
டி.வி.யை அணைத்துவிட்டு
நாய்க்குச் சோறு வைக்கப் போனார்.
அம்மாவின் அடக்கத்துக்கும் அண்ணன் வரவில்லை.
வா என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.
எனக்கும்தான்.

'நாட்டையும் குடும்பத்தையும் நேசித்தவர்'
என்று பாதிரியார் முடித்தார்.
நான் அதோடு விட்டுவிட்டேன்.

கூட்டம் கலைந்தபின் வந்தான்.
நரைத்த தாடி,
அப்பாவின் அதே இடப்பக்கச் சாய்வு நடை.
காரின் பின்னாலிருந்து ஒரு பெட்டியை இறக்கித் திறந்தான்.
கம்பளிக் காலுறை. எல்லாமே சாம்பல் நிறம்.
நவம்பருக்கு ஒரு பொட்டலம்,
கடிதம் இல்லை, அனுப்பியவர் பெயர் இல்லை,
அவன் முகவரி மட்டும்
மரத்தில் கீறுகிறமாதிரி அழுத்திய எழுத்தில்.
முகவரி அவருக்கு எப்படித் தெரியும்?
அம்மா நீட்டியிருப்பாள்,
மேஜைக்கடியில்.

முப்பத்தெட்டு ஜோடி.
ஒன்றின் காகிதப் பட்டைகூடப் பிரியவில்லை.
'ஏன் போடல?'
'கோபம்' என்றான்.
கொஞ்சம் பொறுத்து, 'முதல் பத்து வருஷம்.'
மீதி வருஷங்களைப் பற்றி அவனும் சொல்லவில்லை,
நானும் கேட்கவில்லை.

பனி கரைந்த சேற்றில் இருவர் ஷூவும் ஊறியிருந்தது.
கார்க் கதவைத் திறந்து வைத்து உட்கார்ந்தான்.
ஒரு பட்டையைப் பல்லால் கடித்துப் பிய்த்தான்.
எனக்கும் ஒரு ஜோடி எறிந்தான்.
குதிகால் கணுக்காலுக்கு மேலே நின்றது,
அவ்வளவு பெரிசு.
போட்டுக்கொண்டேன்.