ஏரி மீன்

முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்:
நானும் அனுப்பினேன்.
வெள்ளி இரவு பதினொன்று இருபதுக்கு,
காசிமேட்டு ஐஸ் பேக்டரி வாசலில்
ஷிப்ட் முடிந்து நின்றபடி,
மரத்துப்போன கட்டை விரலால்
பதினோரு குரூப்புக்கு.

"காசிமேடு மீன் துன்னு மூணு பேர் அவுட்.
கடல்ல விஷம் கலந்துருக்கு.
உங்க வூட்டாளுங்களுக்கு உடனே சொல்லுங்க."
கூடவே ஒரு படம்.
கரை நெடுக வெள்ளையாய்ச் செத்த மீன்.

அனுப்பியபோது
ஏதோ புண்ணியம் செய்த மாதிரி இருந்தது எனக்கு.
அந்தச் சுகத்தைத்தான்
இன்னும் மன்னிக்க முடியவில்லை.

அறுபத்தொரு நாள் தடை முடிந்து முதல் ஞாயிறு.
ஏலம் கூவினவன் குரல்
கேட்க ஆளில்லாமல் படகுகளில் மோதித் திரும்பியது.
தேசம்மா கூடையில் வஞ்சிரம்,
செவுள் சிவக்க, கண் தெளிய,
வெயில் ஏற ஏறக் கிடந்தது.
ஐஸ் மட்டும் நிறைய விற்றது அன்றைக்கு.

அவள் மகள் மோனிஷா
வலைக்குவியல் மேல் உட்கார்ந்து
படத்தை இரண்டு விரலால் விரித்தாள்.
"டேய், இது ஜிலேபிடா."
எங்களுக்குப் புரியவில்லை.
"ஜிலேபி கெண்டை. ஏரி மீனு.
நம்ம கடல்ல இத எவன் புட்சான்?
பின்னாடி பாரு, ஆகாயத்தாமரை."

பிறந்ததிலிருந்து மீன் பார்த்த தெரு.
படத்தைத் திறந்த எவருக்கும்
மீன் தெரியவில்லை.

ஒரு கையில் வஞ்சிரம், மறுகையில் அந்தப் படம்,
நாற்பத்தெட்டு நொடி பேசிப் போட்டாள்.
சாயங்காலமே அடியில் வந்து குவிந்தது:
எவ்ளோ வாங்கின?
போட்காரன் காசா?
மீன் விக்கிறவளுக்கு எதுக்கு லிப்ஸ்டிக்?
ராத்திரி எவனோ அவள் முகத்தை வெட்டி
யாருடையதோ ஓர் உடம்பில் ஒட்டினான்.
எங்கள் தெருமுனைக்கு அது வந்து சேர
மூன்று மணி நேரம்கூட ஆகவில்லை.

போனை அரிசி டின்னுக்குள் புதைத்துவிட்டு
பாலிடெக்னிக்குக்குப் போகாமல் படுத்துக்கொண்டாள்.

"ஆளு யார்னு சொல்லு, தூக்கிடலாம்" என்றான் பிராங்கிளின்.
"தூக்கு. அதையும் அவன் வீடியோ போடுவான்"
என்ற நௌஷாத், பழைய கணக்கு நோட்டில்
தேதி, நேரம், ஐடி, லிங்க் என்று
கோடு போட ஆரம்பித்தான்.
ஒரே ஒரு சட்டம் வைத்தோம்:
அந்தப் படத்தை எங்களுக்குள்கூட அனுப்பக் கூடாது.
திட்டுவதற்குக்கூட.
அழித்துவிடு என்று
தெரிந்தவன் ஒவ்வொருவனிடமும்
நேரில் போய்ச் சொன்னோம்.
இரண்டு பேர் சிரித்தார்கள்.
ஒருவன் தலை குனிந்து அழித்தான்.

சைபர் கிரைம் பெஞ்சில்
தேசம்மா மீன் வாசத்தோடு உட்கார்ந்தாள்.
பக்கத்தில் இருந்தவர் நகர்ந்தார்.
அவள் நகரவில்லை.
புகாரை மோனிஷா தன் கையெழுத்தில் எழுதினாள்.
எழுத்துப் பிழை ஒன்று இருந்தது,
அடித்துத் திருத்தினாள்.

எனக்கு என் வேலை பாக்கி இருந்தது.
"அந்தப் படம் பொய். அது ஏரி மீன்.
அனுப்புனது நான். தப்பு என்னுது.
நீங்க யாருக்கு அனுப்புனீங்களோ
அவங்களுக்கும் சொல்லிடுங்க."
இதை அடிக்க நாற்பது நிமிடம் ஆனது.
பொய்யை அனுப்ப ஆனது ஒரு மூச்சு.

நீலக் குறிகள் விழுந்தன.
ஒரு குரூப்பில் ஒரு கட்டை விரல்.
இன்னொன்றில் 'லூசு'.
மற்றதில் காலை வணக்க ரோஜா வந்து
என் மேல் மண்ணைத் தள்ளியது.
மறுநாள் பெரம்பூர் அத்தை போன் செய்தாள்:
"அப்ப சங்கரா வாங்கலாமாடா?"
அவ்வளவுதான் நடந்தது.

புதன்கிழமை மோனிஷா வெளியே வந்தாள்.
சார்ஜர் ஓட்டையில் சிக்கிய அரிசியை
ஊக்கால் நோண்டிக்கொண்டே,
யாரையும் பார்க்காமல் கேட்டாள்:
"அது எந்த ஏரின்னு கண்டுபுடிக்கலாமா?
அங்க மீனு
நெஜமாத்தானே செத்துருக்கு?"